வேர்முடிச்சு நூற்புழு: நாற்று வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் குழித்தட்டு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று எடுக்க வருபவர்களிடம் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், கொஞ்ச நேரத்தில் "வேர்ல கட்டி கட்டியா இருக்கு" என்பதில் வந்து நிற்கும். ஒரே பதிலை வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிறேன். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்து எழுதிவிட்டேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

நூற்புழுன்னா என்ன? மண்புழு மாதிரி கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. நூல் துண்டு போன்ற உடல், நீளம் அரை மில்லிமீட்டர்கூட வராது. மண்ணை அள்ளி வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. மண்ணில் இருக்கும் எல்லா நூற்புழுவும் கெட்டதும் இல்லை. பல வகைகள் பாக்டீரியாவையும் பூஞ்சாணத்தையும் தின்று, அவற்றில் அடைந்து கிடக்கும் சத்தைச் செடிக்கு விடுவித்துக் கொடுக்கின்றன. காய்கறிக்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது வேர்முடிச்சு நூற்புழு. மெலாய்டோகைன் என்ற இனம். அதிலும் நம் பக்கம் இன்காக்னிட்டா, ஜவானிக்கா என்ற இரண்டு வகைகள்தான் அதிகம்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு வேர் நுனி வழியாக உள்ளே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சுற்றியுள்ள செல்களை வீங்க வைத்து அங்கேயே சாறு உறிஞ்சும். அந்த வீக்கம்தான் நாம் பார்க்கும் முடிச்சு. பெண் புழு பேரிக்காய் வடிவத்தில் குண்டூசித் தலை அளவுக்கு உருண்டு, பசை போன்ற ஒரு பைக்குள் 200 முதல் 500 முட்டை வரை இடும். நம் ஊர் வெப்பத்தில் 25 முதல் 30 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். நாலு மாதத் தக்காளியில் நாலு தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செடி மதியம் வாடுது, சாயங்காலம் எந்திரிச்சுக்குது. தண்ணி பத்தலையா, நூற்புழுவா?

ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். இழுத்துப் பிடுங்காதீர்கள், மெல்லிய வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், முடிச்சும் அதோடு போய்விடும். ஒரு வாளித் தண்ணீரில் வேரை மெதுவாக அலசினால் தெரிந்துவிடும். வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குட்டையாக, வெளிறி நிற்பது இன்னொரு அடையாளம். உரம் போட்டும் பச்சை ஏறாது. வேர் அடைபட்டுக் கிடப்பதால் தண்ணீரும் சத்தும் மேலே போவதில்லை.

இதைச் சத்துக் குறைபாடு என்று நினைத்து நுண்ணூட்டக் கலவை தெளித்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்படும். மேலே எவ்வளவு செலவு செய்தாலும் கோளாறு கீழே இருக்கிறது.

தட்டைப்பயறு வேர்லயும் முடிச்சு இருக்கே, அதுவும் நூற்புழுவா?

பயறு வகை வேரில் ரைசோபியம் முடிச்சும் வரும், நூற்புழு முடிச்சும் வரும். ரைசோபியம் என்பது காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் நல்ல பாக்டீரியா. விரலால் தள்ளிப் பாருங்கள். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், லேசாகத் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. வேரைக் கிழிக்காமல் அதைத் தனியாக எடுக்க முடியாது.

எங்க அப்பா காலத்துல இதெல்லாம் இல்லையே, புதுசா எங்கிருந்து வந்துச்சு?

புதிதாக வரவில்லை. தென்னிந்தியாவில் தேயிலை வேரில் இது இருப்பதை 1901ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். மாறியது நம் சாகுபடி முறை. அப்பா காலத்தில் ஒரு போகம் காய், ஒரு போகம் சோளம், கோடையில் தரிசு என்று நிலம் ஓய்ந்து கிடந்தது. இப்போது சொட்டுநீர் வந்த பிறகு தக்காளி முடிந்ததும் வெண்டை, வெண்டை முடிந்ததும் பாகல் என்று ஓய்வே இல்லை. இந்தப் புழு 2000க்கு மேற்பட்ட செடி வகைகளில் வாழக்கூடியது. நாம் விடாமல் சாப்பாடு போட்டால் விடாமல் பெருகும்.

இந்தியாவில் பயிர்களுக்கு நூற்புழுவால் ஆகும் சேதம் ஆண்டுக்குச் சுமார் 10,200 கோடி ரூபாய் என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு எப்படிப் போகுது?

தானாக நகர்ந்தால் வருடத்துக்கு ஒரு மீட்டர் தாண்டுவதே அதிகம். தூக்கிக்கொண்டு போவது நாம்தான். டிராக்டர் கலப்பை, மண்வெட்டி, செருப்பில் ஒட்டிய மண், மேட்டு வயலிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் எல்லாம் காரணம். எல்லாவற்றையும்விட மோசமானது நாற்று.

நான் தொழில் ஆரம்பித்த புதிதில் தரையில் பாத்தி போட்டு, குளத்து வண்டலைக் கொட்டிக் கத்தரி நாற்று விட்டேன். பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருந்தது. என் சொந்த வயலில் நட்டு நாற்பதாவது நாள் தோண்டிப் பார்த்தபோது வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சு. அந்த நிலத்துக்கு அதை ஏற்றியது என் கைதான். அதன் பிறகுதான் குழித்தட்டுக்கும் தேங்காய் நார்க்கழிவுக்கும் மாறினேன். நீங்கள் எந்தப் பண்ணையில் நாற்று எடுத்தாலும் பத்து நாற்றை உருவி வேரை அலசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். என் பண்ணையிலும் அப்படியே செய்யுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரேயடியா ஒழிக்க முடியுமா, முடியாதா? அதச் சொல்லுங்க.

திறந்த வயலில் முடியாது. இரசாயனத்தாலும் முடியாது, இயற்கை முறையாலும் முடியாது. எண்ணிக்கையைக் குறைத்து, பயிர் முதல் ஒன்றரை மாதம் தப்பித்துவிடும்படி செய்ய முடியும். இளம் வேரில் ஏறும் புழுதான் மகசூலைக் கொல்கிறது. செடி வேர் பிடித்து வளர்ந்த பிறகு வரும் முடிச்சை அது ஓரளவு தாங்கும். அதனால் கீழே வரும் எல்லா முறைகளையும் நடவுக்கு முன்னால் செய்யும் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

செண்டுமல்லி நட்டா புழு ஓடிடும்னு சொல்றாங்களே, வரப்புல நாலு செடி வச்சா போதுமா?

போதாது. செண்டுமல்லி வேரில் ஆல்ஃபா டெர்தியனைல் என்ற பொருள் இருக்கிறது. நூற்புழுக் குஞ்சு உயிருள்ள வேருக்குள் போகும்போதோ வேரை ஒட்டியிருக்கும்போதோதான் அது வேலை செய்யும். பூ வாசனையால் புழு ஓடுவதில்லை. வேர் எட்டாத இடத்தில் பலனும் இல்லை. வரப்பில் வைத்தால் வரப்பு சுத்தமாகும், அவ்வளவுதான்.

முழு நிலத்திலும் நெருக்கமாக நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் விட்டு, அப்புறம் காய்கறி போடுவதுதான் சரியான முறை. பூவைப் பறித்து நிலக்கோட்டைக்கோ திண்டுக்கல்லுக்கோ அனுப்பினால் அந்தப் போகமும் வீணாகாது. ஊடுபயிராக வரிசைக்கு வரிசை வைத்தால் பலன் உண்டு, ஆனால் குறைவு. இடையில் களை முளைக்க விட்டுவிட்டால் புழு களை வேரில் உட்கார்ந்துகொண்டு செண்டுமல்லி முடியும்வரை காத்திருக்கும்.

பசுந்தாள் உரமா எதப் போடலாம்?

சணப்பை. அதன் வேரும் தழையும் இந்தப் புழுவுக்கு ஆகாது. வேரில் புழு பெருகுவதும் இல்லை. 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டு நடலாம். தட்டைப்பயறைப் பசுந்தாளாகப் போடாதீர்கள், அது புழுவுக்கு விருந்து.

பயிர் மாத்திப் போடணும்னா எந்தப் பயிர்?

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல், புடலை, வெள்ளரி எல்லாமே இதற்குப் பிடித்தவை. தக்காளியை எடுத்துவிட்டு வெண்டை போடுவது இந்தப் புழுவைப் பொறுத்தவரை பயிர்மாற்றமே இல்லை. எள் நல்ல மாற்று. சோளத்தில் இரகத்துக்கு இரகம் வேறுபாடு உண்டு. தண்ணீர் வசதி இருந்தால் ஒரு போகம் சேற்று நெல் போட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றால் இன்காக்னிட்டா வெகுவாகக் குறையும்.

வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு, எப்போ?

ஏக்கருக்கு 100 கிலோ, கடைசி உழவில். வேம்பின் கசப்புப் பொருள்கள் நேரடியாக ஒரு வேலை செய்கின்றன. புண்ணாக்கு மக்கும்போது வெளிவரும் அம்மோனியாவும் மற்றப் பொருள்களும் இன்னொரு வேலை செய்கின்றன. அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் மூன்றாவது. மக்குவதற்கு ஈரமும் நாளும் வேண்டும். அதனால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு ஒரு தண்ணீர் விட்டுவிடுங்கள். நட்ட அன்று குழியில் அள்ளிப் போட்டால் இளவேர் வெந்துபோகலாம்.

வாங்கும்போது வாயில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், நன்றாகக் கசக்க வேண்டும். தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் மணல் படிகிறதா என்று தெரியும். புங்கம் புண்ணாக்கும் ஆமணக்குப் புண்ணாக்கும் கூடப் பலன் தரும். ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டையை ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கள், தின்றால் உயிர் போகும்.

கடையில சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பெசிலோமைசிஸ்னு ஏகப்பட்ட பேர் சொல்றாங்க. எது எதுக்கு?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில் புழுவைப் பிடிக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் குழப்பமே வராது. பெசிலோமைசிஸ் என்று கடையில் சொல்லும் பூஞ்சாணத்துக்கு இப்போது பர்புரியோசிலியம் லைலாசினம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான். அது முட்டைத் தின்னி. மேலே சொன்ன பசைப் பைக்குள் இழையை நுழைத்து, முட்டை ஓட்டைத் துளைத்து உள்ளே இருப்பதை உண்டுவிடும். 1979இல் பெரு நாட்டில் நூற்புழு முட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததாக வெளியான ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் புழக்கத்துக்கு வந்தது. பொக்கோனியா என்ற பூஞ்சாணமும் இதே வேலையைச் செய்வதுதான்.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் ஒரு பாக்டீரியா. வேரைச் சுற்றி முதலில் இடம் பிடித்துக்கொண்டு குஞ்சு உள்ளே நுழைவதைக் குறைக்கும், செடியின் எதிர்ப்பையும் தூண்டும். டிரைக்கோடெர்மா முக்கியமாக வாடல், அழுகல் பூஞ்சாணங்களுக்கு எதிரி, நூற்புழு முட்டையையும் ஓரளவு தாக்கும். வாம் என்று விற்கும் வேர்ப் பூஞ்சாணம் வேருக்குள் புழுவோடு இடத்துக்குப் போட்டியிடும். ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால் நான் முட்டைத் தின்னியைத்தான் வாங்குவேன்.

பாஸ்டூரியா பெனட்ரான்ஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மண்ணில் போகும் குஞ்சின் தோலில் அதன் வித்து ஒட்டிக்கொள்ளும். புழு வேருக்குள் போய்ப் பெண்ணாக வளரும்போது கூடவே வளர்ந்து, முட்டை இருக்க வேண்டிய உடம்பு முழுக்கப் பாக்டீரியா வித்தாக மாற்றிவிடும். ஒரே புழுவுக்குள் சுமார் 20 இலட்சம் வித்து. நூற்புழுவுக்கு வெளியே வளர்ப்பது மிகவும் கடினம் என்பதால் நம் கடைகளில் பார்ப்பது அரிது. ஆனால் பல நிலங்களில் இயல்பாகவே இருக்கிறது. பல வருடம் கண்டபடி மருந்து கொட்டாத நிலத்தில் முடிச்சு தானாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பொடிய அப்படியே வயல்ல தூவலாமா?

தூவினால் வெயிலில் செத்துப்போகும். பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த முறை எளிது. மக்கிய தொழுவுரம் ஒரு டன்னுக்கு 2 கிலோ பொடியைக் கலந்து, புட்டு மாவுப் பதத்துக்கு ஈரமாக்கி, நிழலில் குவித்து ஓலையால் மூடி 15 நாள் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். உள்ளே நுண்ணுயிர் பெருகிவிடும். இது ஒரு ஏக்கருக்கு. சாணம் பச்சையாக இருந்தால் குவியல் சூடேறி எல்லாம் போய்விடும், நன்றாக மக்கியதே வேண்டும்.

விதைநேர்த்திக்குச் சூடோமோனாஸ் கிலோ விதைக்கு 10 கிராம். தரைப் பாத்தியில் நாற்று விடுபவர்கள் சதுர மீட்டருக்கு 50 கிராம் முட்டைத் தின்னியை மக்கிய உரத்தோடு கலந்து மண்ணில் கிளறிவிடலாம்.

பொடியைக் கலக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். பர்புரியோசிலியம் அபூர்வமாகக் கண்ணில் தொற்று ஏற்படுத்தியிருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் இந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கின பொடி உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?

தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பொடி வடிவத்தில் வருபவை சில மாதங்களில் வீரியம் இழக்கும். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்த பாக்கெட்டைத் தேதி நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். டிரைக்கோடெர்மாவும் முட்டைத் தின்னியும் மக்கிய உரக் குவியலில் நன்றாகப் பிடித்தால் 15 நாளில் உள்ளே இழை ஓடியிருப்பதைப் பார்க்கலாம்.

நாத்தங்கால் மண்ண வெயில்லயே சுத்தம் பண்ணலாமா?

பண்ணலாம், அற்புதமான முறை. சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியை நன்றாக நனைத்து, 25 மைக்ரான் கனமுள்ள ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரத்தை மண்ணால் மூடி நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தாள் மட்டும் சூடாகும், மண்ணை அந்த அளவு சூடாக்காது. மண் ஈரமாக இல்லாவிட்டாலும் சூடு இறங்காது.

ஒரு சாணுக்குக் கீழே போன புழு தப்பித்துக்கொள்ளும். அதனால் இது பாத்திக்கும் பசுமைக்குடிலுக்கும் நல்லது, ஏக்கர் கணக்கில் செலவு தாங்காது. பெரிய வயலுக்குக் கோடை உழவு போதும், இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை மண்ணைப் புரட்டிக் காயப் போடுங்கள்.

எதிர்ப்பு இரகம் போட்டா இவ்வளவு வேலையே வேண்டாமே?

தக்காளியில் மி என்ற எதிர்ப்பு மரபணு உண்டு. காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து கொண்டுவந்தது. ஹிசார் லலித் போன்ற எதிர்ப்பு இரகங்களும் இருக்கின்றன. ஆனால் மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் இந்த மரபணுவின் வேகம் குறைந்துவிடும். நம் சமவெளியில் கோடை மண் அதைச் சாதாரணமாகத் தாண்டும். குளிர்காலப் பட்டத்தில் நம்பலாம், பங்குனியில் நம்ப முடியாது.

கத்தரிக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. சுண்டைச் செடி மேல் ஒட்டுக் கட்டிய நாற்று. சுண்டை வேர் இன்காக்னிட்டாவை நன்றாகத் தாங்கும், வாடல் நோயையும் தாங்கும், செடியும் நீண்ட நாள் காய்க்கும். நாற்று விலை அதிகம்தான். புழு ஏறிய நிலமாக இருந்தால் அந்தக் காசு திரும்ப வந்துவிடும்.

செடி வச்சு நாப்பது நாள் ஆச்சு, இப்பதான் முடிச்சு பாத்தேன். என்ன ஊத்தலாம்?

வந்த முடிச்சு கரையாது. எந்த மருந்துக்கும் அந்தச் சக்தி இல்லை. புது வேரைக் காப்பாற்றுவதுதான் இப்போது வேலை. முன்பு சொன்னபடி ஊட்டமேற்றிய தொழுவுரம் கைவசம் இருந்தால் செடியைச் சுற்றி இட்டு மண் அணையுங்கள். இல்லாவிட்டால் சூடோமோனாஸ் அல்லது முட்டைத் தின்னியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வடிகட்டி வேரில் ஊற்றுங்கள், 15 நாள் கழித்து மறுபடி ஊற்றுங்கள். தண்ணீரை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், மூடாக்குப் போடுங்கள். வேர் பழுதான செடிக்கு இந்த உதவிதான் பெரிது.

வாடல் நோய்க்கு மருந்து ஊத்தியும் செடி சாகுது, ஏன்?

நூற்புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் வாடல் கிருமி எளிதாக உள்ளே போகிறது. வீங்கிய செல்களில் சத்து குவிந்திருப்பதும் அதற்கு வசதி. வாடல் எதிர்ப்பு உள்ள இரகம்கூட நூற்புழு ஏறினால் சாய்வதுண்டு. இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் டிரைக்கோடெர்மாவும் முட்டைத் தின்னியும் சேர்ந்து இருப்பது நல்லது. கார்பன்டாசிம் போன்ற பூஞ்சணக்கொல்லியை ஊற்றிய வேரில் டிரைக்கோடெர்மாவை விட்டால் அதுவும் சேர்ந்து சாகும். சூடோமோனாஸோடு ஸ்ட்ரெப்டோமைசின் கலவையோ காப்பர் மருந்தோ சேர்க்காதீர்கள்.

ஒரு தடவ குருணை மருந்து போட்டுட்டு அப்புறம் இயற்கைக்கு வரலாமா?

எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த போரேட் குருணை 2020 முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். காய்கறியில் போடக்கூடிய விஷமே அல்ல அது. நூற்புழுவுக்கென்று புதிதாக வந்த மருந்துகளில் ஃபுளுவோபைரம் என்பது அடிப்படையில் ஒரு பூஞ்சணக்கொல்லி. அதையும் நன்மைப் பூஞ்சாணத்தையும் ஒரே சமயத்தில் ஊற்றுவது பணத்தை வீணாக்குவது. எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும் வயலில் ஒருவர் அதை ஒருமுறை பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த போகம் சணப்பையோ செண்டுமல்லியோ வராவிட்டால் ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்.

ஜீவாமிர்தம் மட்டும் விட்டா போதாதா?

சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்க வைத்த கரைசல்தான் ஜீவாமிர்தம். மண்ணில் உயிர் பெருகினால் நூற்புழுவுக்கு எதிரிகளும் பெருகும், அந்த வகையில் நல்லது. ஏற்கெனவே முடிச்சு நிறைந்த நிலத்தில் அதை மட்டும் நம்பி நடாதீர்கள். மற்ற வேலைகளோடு சேர்ந்து அது இருக்கட்டும்.

ஆன்லைன்ல "நன்மை செய்யும் நூற்புழு"ன்னு விக்கிறாங்க, அத விட்டா இது சாகுமா?

சாகாது. அவை ஸ்டெய்னர்நீமா, ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற வகைகள். பூச்சியின் உடலுக்குள் புகுந்து கொல்பவை. வெள்ளை வேர்ப்புழு மாதிரி மண்ணில் இருக்கும் பூச்சிக்கு வாங்குங்கள். வேர்முடிச்சுக்கு என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

மலையில உருளைக்கிழங்குக்கு வர்றதும் இதுதானா?

வேறு. அது முட்டைக்கூடு நூற்புழு. ஊட்டியில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. செத்த பெண் புழுவின் உடலே கடினமான கூடாகி, உள்ளே முட்டைகள் பல வருடம் உயிரோடு இருக்கும். நல்ல விஷயம், அதற்கு உருளை, தக்காளி, கத்தரி குடும்பம் மட்டும்தான் உணவு. கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று சில போகம் மாற்றினால் குறையும். குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு இரகமும் உண்டு. அந்த மண்ணிலிருந்து விதைக் கிழங்கைக் கீழே கொண்டுவராதீர்கள்.

கொய்யாவுக்கு நடுவுல தக்காளி போடலாம்னு இருக்கேன், சரியா?

ஆயக்குடிப் பக்கம் இருந்து வருபவர்கள் கேட்பது இது. வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொய்யாவைத் தாக்கும் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற வகை 2016இல் தமிழ்நாட்டில் பதிவானது. அது தக்காளி, கத்தரி, மிளகாயிலும் ஏறும். முன்பு சொன்ன மி மரபணு இதற்கு முன்னால் நிற்காது. கொய்யா வேரைத் தோண்டிப் பார்த்து முடிச்சு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம். கொய்யாக் கன்று வாங்கும்போதும் பையைக் கிழித்து ஒன்றிரண்டின் வேரைப் பாருங்கள்.

நடுறதுக்கு முன்னாடியே மண்ணுல புழு இருக்கான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது. வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, கால் கிலோவைப் பாலித்தீன் பையில் கட்டுங்கள். உலர விடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், புழு செத்தால் சோதனையில் தெரியாது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை இருக்கிறது. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

அதற்கும் நேரம் இல்லையா, அதே மண்ணை நாலைந்து தொட்டியில் நிரப்பித் தொட்டிக்கொரு தக்காளி நாற்றோ வெள்ளரி விதையோ போடுங்கள். 35, 40 நாள் கழித்து வேரை அலசிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்தப் போகம் எள்ளுக்கோ செண்டுமல்லிக்கோ விட்டுவிடலாம்.

அறுவடை முடிஞ்சதும் செடிய அப்படியே ரோட்டவேட்டர் ஓட்டிடலாம்ல?

தயவுசெய்து வேண்டாம். ஒரு தக்காளி வேரில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும், ரோட்டவேட்டர் அதை நிலம் முழுக்கப் பரப்பிவிடும். கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே, வேர் காய்ந்து அறுவதற்கு முன்னால், மண்வெட்டியால் வேரோடு எடுத்து வெயிலில் உலர்த்தி எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், குழி சரியாகச் சூடேறாவிட்டால் அடுத்த வருடம் உங்கள் உரத்தோடே புழு வயலுக்குத் திரும்பும். இரண்டு ஆள் கூலி ஆகும். இந்தப் பக்கத்தில் சொன்னதில் ஒன்றே ஒன்றைச் செய்ய முடியும் என்றால், நான் இதைச் செய்யச் சொல்வேன்.